மேலே கோடை

கொல்கத்தாவிலிருந்து மும்பை
ஆயிரத்து அறுநூற்றைம்பது கிலோமீட்டர், கொஞ்சம் முன்னே பின்னே.
மும்பையிலிருந்து கொல்கத்தாவும் அதேதான்.
இதை யாரும் அளந்து பார்க்க வேண்டியதில்லை.
அளப்பது என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்:
வாஷி மார்க்கெட்டில் வெங்காயத் தராசுகளுக்கு
வருடம் ஒருமுறை முத்திரை வைக்கிறவன்.

தாரிணி வருகிற விமானத்துக்கு மூன்று மணி நேரம்.
போகிற விமானத்துக்கு இரண்டரை போதும்.

மூன்று டிசம்பராக இப்படித்தான்.
கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறையில்
அவள் பெயர், வயது ஒன்பது,
கொடுப்பவர், வாங்குபவர்.
வாங்குபவர் நான்.
விமானக் கம்பெனிப் பெண்
என் ஆதாரையும் முகத்தையும் இரண்டு தடவை ஒப்பிட்டாள்.
தாடி. போன வருடம் இல்லை.
கையெழுத்துப் போட்டு மகளை வாங்கிக்கொண்டேன்.

"போன தடவை திரும்பிப் போனப்போ
இதைவிட முப்பத்திரண்டு நிமிஷம் கம்மி"
என்பதுதான் அவள் முதல் பேச்சு.
ஃபோனில் வளர்ந்த தமிழ்,
மூச்சு விடுகிற இடங்களில் வங்காளம்.
"தூரம் ஒண்ணுதானேப்பா?"

காற்று, என்றேன்.
குர்லா சிக்னலில் நாலாவது பச்சையும்
எங்களை விட்டுவிட்டுப் போனது.
மேற்கேயிருந்து வருகிற காற்றுக்குத் தமிழில் கோடை என்று பேர்.
வடக்கேயிருந்து வந்தால் வாடை,
தெற்கேயிருந்து தென்றல்,
உங்கள் ஊர்ப் பக்கத்துக் காற்று கொண்டல்.

"டிசம்பர்லயுமா கோடை?"

டிசம்பரில்தான் அதற்கு வேகம் ஜாஸ்தி.
பத்து கிலோமீட்டர் உயரத்தில், ஒரு துணிக்கொடியைக்கூட ஆட்டாமல்.
நீ வரும்போது அதை முட்டிக்கொண்டு வருகிறாய்.
போகும்போது
அது முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது.

விமான நிலையத்திலிருந்து செம்பூர் பதினொரு கிலோமீட்டர்.
அன்றைக்கு ஒரு மணி பத்து நிமிடம்.
ஆட்டோக்களுக்கு நடுவே ஒருவன்
ஸ்ட்ராபெர்ரி டப்பாவைக் கண்ணாடியில் தட்டிக் காட்டினான்.
அவள் அதைப் பார்க்கவில்லை.

"கோர்ட் உனக்குப் பத்து நாள் குடுத்திருக்கு.
அந்த முப்பத்திரண்டு நிமிஷம் யார் கணக்கு?
அம்மாவோடதா, உன்னோடதா?"

முத்திரை வைக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
எவ்வளவு எடைக்கு எத்தனை கிராம் பிசகலாம் என்று
விதிகளில் அட்டவணையே போட்டிருக்கிறார்கள்.
அதில் தேடினேன், மனசுக்குள்.

நீயே வச்சுக்கோ, என்றேன்.

"வச்சுக்கிட்டேனே" என்றாள்.
"ஜன்னல் சீட். இறங்க இடமில்லைன்னு
கடல் மேல ரெண்டு தடவை சுத்தினாங்க.
நல்லா இருந்துச்சு.
அங்க யாரும் என்னை ஒண்ணும் கேக்கலை."

பத்து நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.
இரண்டு நாள் காய்ச்சல். ஜுஹுவில் ஒரு செருப்பு போயிற்று.
இடியாப்பம் பிடிக்கவில்லை, அப்புறம் பிடித்தது,
அதற்குள் ஞாயிற்றுக்கிழமை.

கொடுப்பவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன்.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
வாட்ச்சைத் தட்டிக் காட்டினாள்: பார்த்துக்கொள், கணக்கு எடு.

பதினேழு நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது.
சுதேஷ்ணாவிடமிருந்து ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது.
நான் அப்போதுதான் வண்டியைக் கிளப்பினேன்.
பார்க்கிங் சீட்டைக் கூண்டுக்குள் நீட்டினேன்;
பையன் பார்த்துவிட்டு,
ஃப்ளைட் லேட்டா சார், என்றான்.