ஆரல்

அரை கிலோ ஆரலைத் தராசில் போடும்போது
ஷார்ஜாவிலிருந்து மகனின் குரல் பதிவு.
"ம்மா, உன் பேர் அரபி இல்லியாம், பார்சியாம்.
கூட வேலை பாக்குற ஈரான்காரர் சொல்றாரு,
பர்வீன்னா வானத்துல கொத்தா நிக்குமே
ஆறு நட்சத்திரம், அதாம்."

நெல்பேட்டையில் என் பெயரைக் கேட்டு
யாரும் மேலே பார்த்ததில்லை.
சாம்பல் தொட்டு வழுக்கலைப் பிடிக்கிறவள் நான்.
எனக்கும் கண் கீழேதான்.

ரேஷன் கார்டில் நான் பருவின்.
வாக்காளர் அட்டையில் பிரவீன், ஆண்.
அத்தா வீட்டுப் பாகப் பத்திரத்தில்
எழுத்தர் அடித்து வைத்தது பர்மீன்.
மீன்காரியென்று நக்கலா எனக் கேட்டு
பதிவு அலுவலக வாசலில் கத்தினேன்.
பாவம், அந்த ஆள்.
விண்மீனும் மீன்தானே.

ஆரல் வாங்க வரும் தமிழ் டீச்சர்
பேரம் படிந்த ஒரு நாளில் சொன்னாள்:
கார்த்திகைக் கொத்துக்கும் பழைய பேர் ஆரல்தான்.
சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்,
சரியாகக் காதில் வாங்கவில்லை.

அடுத்த பதிவு ஏழே விநாடி.
"அதையே அரபியில சுரையான்னு சொல்வாங்களாம்மா."

கத்தியைக் கீழே வைத்தேன்.

சுரையா என் தங்கச்சி.
பதினொரு மாதமாகப் பேச்சில்லை.
கொல்லைக்குப் போகிற நாலடி நடை
யார் பங்கு என்பது வழக்கு.
அத்தா வெங்காய மூட்டை தூக்கியவர்.
பார்சி தெரியாது.
அரபியில் ஓதுவார், அர்த்தம் கேட்டால் சிரிப்பார்.
இரண்டு பிள்ளைக்கும் ஒரே பேரை வைத்துவிட்டு
தெரியாமலே மௌத்தாகிப் போனார்.

கடை கட்டி, யானைக்கல் பாலத்தில் நின்றேன்.
கீழே வைகை, ஆகாயத்தாமரை.
கிழக்கே விளம்பரப் பலகைக்கும்
சோடியம் விளக்குக்கும் மேலே
புகை மாதிரி ஒன்று.
எண்ணினேன். ஐந்து.
பஸ் கடந்து இருட்டியதும், ஆறு.
எது நான், எது அவள் என்று
பிரிக்க அங்கே பத்திரம் இல்லை.

பையில் கால் கிலோ ஆரல்,
தோலுரித்து, தலை நீக்கி.
எங்கள் வீட்டில் தோலோடுதான் சாப்பிடுவோம்.
உரித்தால்தான் தொடுவது அவள்.
எப்போது உரித்தேன் என்று எனக்கு நினைவில்லை.

செல்லூருக்குத் திரும்பாமல்
மகபூப்பாளையம் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

ஆனால் அந்த நாலடி நடை என்னுடையதுதான்.
அதையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.