சிவப்புக் கோடு

மெர்பேங்கில் உப்புக் காற்று எதையும் விடாது.
போன வருஷம் போட்ட கேட் தாழ்ப்பாள்
இந்த வருஷம் பிஸ்கட் மாதிரி உதிர்கிறது.
அதனால்தான் ஒயர் கடையில் இவ்வளவு நேரம்.
சாலாட்சி காரிலிருந்து
இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டாள்.

கண்ணாடிக்குள் நகைபோல் ஒன்று:
பாம்புத்தோல் பின்னல், தங்க முலாம் முனை,
மீட்டர் அறுநூறு ராண்ட்.
‘இசைக்குப் பின்னாலிருக்கும் இருட்டும் கேட்கும்’
என்கிறது அட்டை.
இருட்டு எங்களுக்கு இனாமாகவே வருகிறது,
ஆறு மணியிலிருந்து எட்டரை வரை,
அட்டவணை போட்டு.

லுங்கேலோ, கடைப் பையன்,
முதலாளி போனில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு
கீழ்த்தட்டுச் சுருள் ஒன்றின் நுனியைச் சுரண்டினான்.
மேலே செம்பு. உள்ளே வெள்ளை.
“அலுமினியம், அங்கிள்.
செம்புச் சட்டை போட்டிருக்கு.”
இன்னொன்றைச் சுரண்டினான்.
மேலும் சிவப்பு, கீழும் சிவப்பு,
கண்ணாடி உறை, ஒரு ஓரமாகச் சிவப்புக் கோடு.
“எவ்வளவு தூரம்?”

வலது பக்கம் மூன்று மீட்டரில் முடிந்துவிடும்.
இடதுதான் வாசலைச் சுற்றி,
சாமி அலமாரிக்குப் பின்னால் நுழைந்து,
தையல் மெஷினுக்கு அடியில் போய்ச் சேரவேண்டும்:
ஒன்பது.
“அப்போ இரண்டரை சதுர மில்லி போதும்.
அதுக்கு மேலே போனா
ஒரு டம்ளர் தண்ணிக்குத் தீயணைப்புக் குழாய்.”

இரண்டும் ஒரே நீளம் வேண்டாமா என்றேன்.
சிரித்தான்.
“ஆறு மீட்டர் வித்தியாசத்தைக் கேட்கிற காது
டர்பனிலேயே கிடையாது, அங்கிள்.”

காது என்றதும் சும்மா இருந்தேன்.
இருபத்தாறு வருஷம் காகித ஆலையில்
உருளைகளுக்கு இடது காதைக் காட்டி நின்றவன்.
அந்தப் பக்கம் இப்போது
மழையும் அப்பளம் பொரிவதும் ஒன்று.
ஒன்பது மீட்டர் செம்பு,
கேட்காத பக்கத்துக்கு.

பதின்மூன்றாக வெட்டச் சொன்னேன்.
பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.
எங்கள் தெரு டெலிபோன் ஒயரை
இரண்டு தடவை அறுத்துப் போயிருக்கிறார்கள்.
எடைக்குப் போட்டால்
நாங்கள் பேசியதெல்லாம் கிலோ இத்தனை.

உறையை உரித்து, இழைகளை
விளக்குத் திரிபோல் விரலில் உருட்டி,
மெஷினுக்கு அடியில் குப்புறப் படுத்து,
தடவித் தடவிச் சொருகினேன்.
நாதஸ்வரம் வைத்தேன்.
வலது ஸ்பீக்கர் ஓரமாக நின்று
எப்படி என்றேன்.

சாலாட்சி ஊசிக் காதைத் தேடியபடி,
“தவில் எங்கே?”
அடிக்கிறானே.
“அடிக்கிறான். வயிறு இல்லை.
ஆள் நடுவில் உட்காராமல்
சுவரோரமா நழுவுறான்.”

டார்ச் எடுத்துப் பார்த்தால்
சிவப்புக் கோடு கறுப்புத் துளையில்.
ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்திருக்கிறது.
கூடத்தின் நடுவில், சரியாக அவள் நாற்காலியில்,
ஒன்றையொன்று தின்றுவிட்டு
வெறுங்கையோடு நின்றிருக்கின்றன.

எங்களுக்கும் இருந்தன அப்படிச் சில வருஷங்கள்.
எனக்கு ராத்திரி ஷிப்ட்,
அவளுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் பகல்.
மேசையில் ஒரே தட்டு
இரண்டு தரம் கழுவப்படும்.
அதற்கு டார்ச் அடித்துப் பார்த்தவர் யாருமில்லை.

மாற்றிச் சொருகினேன்.
குங்குமச் சிமிழ் அலமாரியில் கிடுகிடுத்தது.
உண்மையைச் சொன்னால்
எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.
அவள் கால் கட்டைவிரல்
மெஷின் மிதியில் தாளம் போடுவதைப் பார்த்துத்தான்
சரியாகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

மிஞ்சிய ஒரு மீட்டரை உரித்து
அவரைக் கொடியை வேலியில் கட்டிவிட்டேன்.
உப்புக் காற்றில்
பொங்கலுக்குள் அதுவும் பச்சையாகிவிடும்,
யாரும் அறுத்துப் போகவில்லை என்றால்.