உள்ளேன்

பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில்
வருகைப் பதிவு நடக்கும்.
ஹார்ட் டிஸ்க் உள்ளேன் என்கிறது.
கீபோர்டு உள்ளேன்.
டிவிடி டிரைவ் மட்டும்
சில நாள் சொல்கிறது,
சில நாள் பெஞ்சு காலி.

அமுக்கினால் தட்டை நீட்டும். விளக்கும் மினுக்கும்.
ஆக, கரண்ட் போகிறது.
போய்ச்சேராதது பேச்சு.

தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம்
குறித்து வந்தேன்.
திங்கள் உண்டு. செவ்வாய் இல்லை.
புதன் காலையில் இல்லை, மழை விட்ட பிறகு உண்டு.
வியாழன் ராகு காலத்தில் வந்து
நல்ல நேரத்தில் போய்விட்டது.
அயனாவரத்துத் தரைக்கடியில் மெட்ரோ குடையும்போது
மேஜையில் டம்ளர் தண்ணீர் நடுங்கும்.
அந்த நேரங்களையும் எழுதிப் பார்த்தேன்,
மாடி மோட்டார் ஓடிய நேரங்களையும்.
எதுவும் எதோடும் பொருந்தவில்லை.

முப்பத்தோரு வருடம் ஐ.சி.எஃப்பில்
ரயில் பெட்டிகளுக்கு வயர் இழுத்தவன் நான்.
எரியாத விளக்கு ஒரு பொருட்டில்லை.
எரிந்து, அணைந்து, கை வைக்கப் போனால் எரிவது இருக்கிறதே,
அது ஆளைத் தின்னும்.

பழைய ஸ்கேன் வேண்டுமென்று சொல்லியிருந்தார் எலும்பு டாக்டர்.
ஏழு வருடத்துக்கு முன் கீழ்ப்பாக்கத்தில் எடுத்தது.
பவளத்தின் இடது முழங்கால்
ஒரு வட்டத் தகடாக
பீரோவில் ரேஷன் கார்டோடு கிடந்தது.
மகன் வாங்கித் தந்த லேப்டாப்புக்கு
தகடு போட வாயே இல்லை.

சனிக்கிழமை ரிச்சி தெருவிலிருந்து
அன்வர்தீன் வந்தார், முதுகில் பையோடு.
போட்டார். வந்தது.
அணைத்துப் போட்டார். வந்தது.
ஐந்து முறை,
இன்ஸ்பெக்டர் வந்த நாள் வகுப்பு மாதிரி
கணீரென்று உள்ளேன்.
"நல்லாத்தானே சார் இருக்கு?"
முந்நூற்றைம்பது ரூபாய்.

எனக்குச் சுருக்கென்றது.
"அப்ப நான் பொய்யா சொல்றேன்?
நேத்து வந்து பாத்திருக்கணும் நீங்க."

சொல்லி முடிப்பதற்குள்
அந்த வாக்கியத்தை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது.
போன வெள்ளிக்கிழமை,
இரண்டாம் மாடிக்கும் முதல் மாடிக்கும் நடுவில்
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சொன்னது.
அதற்கு முன் நான் கேட்டிருந்தது:
"வளைகாப்புல நல்லாத்தானே நடந்தே?"

அடுத்த அறையில் டிவி சத்தம் குறைந்தது.
கேட்டிருப்பாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி பெட்டியைத் திறந்தேன்.
நான்கு திருகாணிகள் தயிர் டப்பா மூடியில்.
தூசி, ஒரு செத்த கரப்பான்,
உள்ளே ஓரமாக அந்தச் சிவப்பு வயர்
மூடியில் இடித்து இடித்து
கழுத்து மடிந்து கிடந்தது.
வெளியே ஒரு கீறல் இல்லை.
கழற்றித் துடைத்துச் சொருகினேன். வரவில்லை.
கட்டைவிரலால் மேல்நோக்கி அமுக்கிப் பிடித்தேன்,
வந்தது.
விட்டேன், போனது.

புது வயர் எண்பது ரூபாய்தான் இருக்கும்.
ஆனால் ஞாயிறு கடை இல்லை,
திங்கள் காலை ஒன்பதுக்கு டாக்டர்.

"பவளம், இங்க வந்து உக்காரு.
நான் பிடிச்சிக்கிறேன், நீ காப்பி போடு."

அவள் நாற்காலியில்.
நான் மேஜைக்கடியில், மொசைக் தரையில் முட்டி போட்டு,
விரலை அசைக்காமல்.
தகடு சுழலும் சத்தம் ஏறியது.
பதினாலு நிமிடம் என்று காட்டியதாம்,
பிறகு ஒன்பது, பிறகு மறுபடி பன்னிரண்டு.
அவள் படித்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.
மோட்டார் ஓடத் தொடங்கியது, நான் மூச்சை அடக்கினேன்.
வலது முட்டியில் ஏதோ பிடித்து இழுத்தது,
விட்டது, இழுத்தது.

"கால் வலிக்குதா?" என்றாள்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"விட்டு விட்டு."

"ம்" என்றாள்.
"இன்னும் ஏழு நிமிஷம்."