ஈரக்கழிவு

ஐம்பத்தொன்று முந்நூறு
என்றது திருவட்டாறு ரேஷன் கடைத் தராசு.
"சீனி மூட்டைன்னா சந்தோஷப்படலாம் மக்களே"
என்றார் எடை போடுகிறவர்.
என் பிரிவு ஐம்பது.
விடிந்தால் எட்டு மணிக்கு நாகர்கோவிலில் ஏறி நிற்கவேண்டும்.

பெனிலாவின் அப்பா
ரப்பர் ஷீட் புகைக்கும் அறையை ராத்திரிக்குத் தந்தார்.
கனலையெல்லாம் வாரி வெளியே கொட்டி
கதவைப் பாதி திறந்துவைத்த பிறகும்
சுவரில் பகல் முழுக்கத் தின்ற சூடு இருந்தது.
மழைக்கோட்டு, மேலே கம்பளிச் சட்டை,
அதற்கும் மேலே பெனிலாவின் அண்ணன் பைக்கில் போடும் ஜாக்கெட்.
கயிறு சுழற்றக் கூரை இடம்தராது.
ஆகவே குத்தினேன்,
மூங்கிலில் தொங்குகிற ஷீட்டுகளுக்குப் படாமல்.
காற்றுப் பட்டே அவை ஆடின.

பால் வெள்ளையாய் உள்ளே போகிறவை
நாலைந்து நாளில் தேன் நிறமாய் வெளியே வரும்.
குலசேகரம் கடைக்காரர் ஒவ்வொன்றாய்
வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்.
நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் போதும்,
"ஈரக்கழிவு" என்று சீட்டில் எழுதி
அரைக் கிலோவைக் குறைப்பார்.
பெனிலாவின் அப்பா வாசலில் நின்று சண்டை போடுவார்.
அன்று ராத்திரி டார்ச்சை என் வயிற்றுக்குப் பின்னால் பிடித்தால்
எத்தனை புள்ளி தெரியுமோ.

வீட்டில் மரச்சீனியும் சாளைக் கறியும்.
எனக்குத் தெரியாமல் தின்பதாக நினைத்து
அம்மா அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.
முள்ளைச் சப்பும் சத்தம் மட்டும்
கதவிடுக்கு வழியே வந்து
என் பாயில் படுத்தது.

முதல் பஸ்.
வாயில் புளிப்பு மிட்டாய், கையில் காலி பாட்டில்.
ஊற ஊறத் துப்புகிறேன்.
வாந்தியென்று நினைத்து
கண்டக்டர் ஜன்னலோரம் மாற்றிவிட்டார்.
அழகியமண்டபத்தில் ஒருவர்
செவ்விளநீர்க் குலையோடு ஏறி
என் காலடியில் அதை வைத்தார், வேறெங்கும் இடமில்லாததுபோல.
வில்லுக்குறியில் டிரைவர் பிரேக் அடித்தார்.
ஏழெட்டு காய்க்குள்ளும் வெள்ளம் ஒன்றாய்க் குலுங்கியது.

கம்மலைக் கழற்றினேன். முடியில் போட்ட ரப்பர் பேண்டை.
கழுத்துக் குருசை. மாதாவே, அதுவும் மூன்று கிராம்.
மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறினேன்,
மூச்சுக்கு எடையுண்டா என்று யாரும் சொல்லித்தரவில்லை.
ஐம்பது, நூற்றைம்பது.
ஒரு தம்ளர் வெள்ளம்.
"ஒரு மணிக்கூர் தாறோம், ஓடிட்டு வா."

மைதானத்தில் எனக்கு முன்பே ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள்,
பச்சை மழைக்கோட்டில், நெல் அவிக்கும் அண்டா மாதிரி ஆவி பறக்க.
நாலாவது சுற்றில் எட்டிப் பிடித்தேன்.
"உனக்கு எவ்ளோ?"
"நூத்தம்பது."
"எனக்கு இருநூறு."
சங்கரன்கோவில். உமையபார்வதி.
சாயங்காலம் என்னோடு மோத இருப்பவள்.
அதற்குப் பிறகு பேசவில்லை, பேசினால் எச்சில் வீணாகும்.
இரண்டு பேருமாக ஓடி
யார் அதிகம் இல்லாமல் போவது என்று போட்டியிட்டோம்.

நான் ஐம்பது, சைபர் சைபர்.
அவள் இருபது கிராம் முந்திவிட்டாள்.

குழாயடியில் அவளிடம் இருந்த பாட்டிலில் அவள் துப்பல்.
என்னுடையதைக் கொட்டிக் கழுவி
நிரப்பினேன். பாதி நான், பாதி அவள்.
முதல் வாய் தொண்டையில் இறங்கவேயில்லை,
நாக்கே உறிஞ்சிக்கொண்டது.
அவள் பையிலிருந்த கடலை மிட்டாயைத்
தராசு இல்லாமல் இரண்டாய் உடைத்தாள்.
பெரிய துண்டு எனக்கு வந்தது; தெரிந்து தந்தாளா என்று
இன்றும் தெரியாது.

சாயங்காலம், இரண்டாவது ரவுண்டில்
என் இடதுகை அவள் தாடையில் சரியாக விழுந்தது.
நெற்றியிலிருந்து தெறித்து என் உதட்டில் பட்டதை
யோசிக்காமல் நக்கிவிட்டேன்.
உப்பு. பாட்டில் என்னுடையது.

முடிவு சொல்லும் முன்
நடுவர் எங்கள் இருவர் மணிக்கட்டையும் பிடித்து நிற்கிறார்.
மைக்கைத் தட்டிப் பார்க்கிறார்கள்.
அப்போது ஒரு வயிறு சத்தமாய்க் கத்தியது.
யாருடையது என்று நடுவர்
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.
பிறகு அவள் கையைத் தூக்கினார்.