இயற்கை நீங்கலாக

கவராயத்தின் முள் மாவட்டத்துக்கு வெளியே,
கிழக்கே, உலையின் மேல் ஊன்றி நிற்கிறது.
பென்சில் மட்டும் எங்கள் பக்கம் வருகிறது.

முதல் வட்டத்துக்குள் யாரும் குடியிருக்கக் கூடாது.
இரண்டாவதற்குள் இருக்கலாம், பெருகக் கூடாது;
பிறப்பைச் சொல்லவில்லை, வந்தேறுவதைச் சொல்கிறோம்
என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்.
மூன்றாவது, பதினாறு கிலோமீட்டர்,
அஞ்சுகிராமம் கடைவீதிக்குள் நுழைந்து
ஞானசிகாமணியின் உரக்கடையை
கல்லாவுக்கும் குடோனுக்கும் நடுவே வெட்டியது.

"அப்ப மூட்டையெல்லாம் தப்பிச்சிரும்,
நான்தான் உள்ள. இல்லியா சாரே?"
உள்ளே இருப்பவருக்கு மாத்திரை உண்டு என்றேன்.
அடுத்த வாரம் போனபோது
கல்லாப்பெட்டி மேற்கே ஓரடி நகர்ந்திருந்தது.

வட்டத்துக்குத் திசை கிடையாது.
சின்னமுட்டம் ஏலக்கூடத்தில்
கணவாயைத் தரம் பிரித்துக்கொண்டே பிரிசில்லாள் கேட்டாள்:
"கொண்டல் அடிக்கச்சில எந்தக் கோடு?
கச்சானுக்கு எந்தக் கோடு?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.
மேலதிகாரி அந்த ஓரத்தை மடித்துக் கோப்பில் வைத்தார்.

வட்டத்தில் பாதி கடல்.
அங்கே மக்கள்தொகை பூஜ்யம் என்று அச்சாகியிருந்தது.
அன்று விடியலில் அந்தப் பூஜ்யத்துக்குள்
நாற்பது வள்ளம் எண்ணினேன்,
பிறகு வெயில் கண்ணைக் கூசிவிட்டது.

வரம்பு, வெளியே வாழ்பவருக்கு
ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட்.
உள்ளே வேலை பார்ப்பவருக்கு இருபது, ஐந்தாண்டுச் சராசரியில்.
உடம்பு ஒன்றுதான், வாசல்தான் வேறு.
அந்த ஒன்றுக்குப் பக்கத்தில்
இன்னும் இரண்டு சொல்:
இயற்கை நீங்கலாக.

நான் சின்னவிளைக்காரன்.
எந்த வட்டமும் எட்டாத மேற்கு. கறுத்த மணல்.
ஒத்திகைக்குத் தந்த அளவுமானியை
ஒரு ராத்திரி, கையெழுத்துப் போடாமல்,
பைக்கில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
நடைப்படியில் வைத்தேன்.
பகலில் உலையின் மதிலோரம் காட்டியதைத்
தாண்டி ஏறியது எண்.
மின்கலம் பழுதோ என்று தட்டிப் பார்த்தேன்.
திரும்பவும் அதே எண்.

இது கழித்துவிட வேண்டிய கணக்கு.
சித்தப்பா லியோன் தொண்டையில் துளையோடு
விரலை வைத்து வைத்துப் பேசிய இரண்டு வருடம்,
அதையும் கழிக்கவா?
காரணம் யாருக்கும் தெரியாது.
பீடியும் குடித்தார். தூண்டிலும் போட்டார்.
மணலில்தான் தூங்கினார்.

மெர்சி உள்ளிருந்து சத்தம் போட்டாள்:
"அவ கவுன் பாக்கெட்ட ஒருக்கா பாருங்க,
கடற்கரைய அப்படியே அள்ளிட்டு வந்திருக்கா!"

மகளை வாசலில் நிறுத்தி
பாக்கெட்டை வெளியே இழுத்து உதறினேன்.
மணல் முற்றத்தில் விழுந்தது.
முற்றமும் மணல்தான்.