உற்றுநோக்கல் பதிவேடு

ஆரப்பாளையத்தில் ஏறி
கூடல்நகரில் இறங்குவதற்குள்
புடவை மடிப்பில் குத்திய ஊக்குகளில் ஒன்று
தினமும் காணாமல் போய்விடும்.

தண்டவாளத்துக்கு இங்கிட்டு அங்கன்வாடி.
ஒற்றை அறை. சுவரில் மயில்,
அதன் கழுத்துவரை ஈரம் ஏறியிருக்கிறது.
பதினேழு பிள்ளைகள், பதினாறு தட்டு.
முதல் நாளே ஜெயக்கொடி அக்கா சொல்லிவிட்டார்:
"டீச்சர் டிரெயினிங்கா? நல்லது.
மொதல்ல மூக்கத் தொடச்சுவிடப் பழகு."

இரவெல்லாம் உட்கார்ந்து
தெர்மாகோலில் யானை வெட்டிக்கொண்டு போனேன்.
பெரியது, சிறியது சொல்லித்தர.
துதிக்கையைக் கடித்துத் துப்பினான் கவினேஷ்.
அது வரைக்கும் யானை பெரியது.

பாடக்குறிப்பில்
எட்டு நிமிடம் ஆர்வமூட்டல்,
பன்னிரண்டு நிமிடம் செயல்பாடு,
ஐந்து நிமிடம் மதிப்பீடு.
சரக்கு ரயிலுக்கு நான் நிமிடம் ஒதுக்கவில்லை.
அது வந்தால் சன்னலில் பதினேழு தலை.
பெட்டிகளை எண்ணுவார்கள்:
ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, அஞ்சு, நூறு.
மணிச்சட்டத்தைப் பிடித்தபடி
கடைசிப் பெட்டிக்காக நின்றிருப்பேன்.

சிவப்புக்கு ஆப்பிள் படம் காட்டினேன்.
தக்காளி என்றான் சர்வின்.
ஆஷிகா பர்வீன் எழுந்து கிட்ட வந்து,
முகர்ந்தும் பார்த்துவிட்டு,
"நாட்டுத் தக்காளி இல்ல" என்றாள்.
காய்கறி வண்டி அவள் அத்தாவுடையது.
நான் வாதாடவில்லை.

பேச்சி மட்டும் எதுவுமே சொல்லவில்லை.
வருகைப் பதிவில் தன்விகா,
வீட்டில் குலசாமி பெயர்.
"பேருதான் பேச்சி" என்று
முட்டை உரித்துக்கொண்டே சிரிப்பார் ராக்கு அக்கா.
கதவோரம் கால் நீட்டி
பார்த்துக்கொண்டிருப்பாள்.
படத்தை அல்ல, பந்தை அல்ல,
என்னை.

படிவத்தில் மொழி வளர்ச்சிக்கு ஒரு கட்டம்.
துலங்கல் இல்லை என்று எழுதினேன்.
மறுநாளும் எழுதினேன்.
அப்புறம் கை வலித்து
மேற்படி, மேற்படி என்று பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள்
முட்டைச் சோறு தின்று எல்லாம் உறங்கியது.
ராக்கு அக்காவுக்குப் பாத்திரம் துலக்கிக் கொடுத்துவிட்டு
ஈரக்கையோடு திரும்புகிறேன்,
வாசலில் என் குரல் கேட்கிறது.

என் குரலேதான். கொஞ்சம் சின்னது.
"அங்கிட்டு என்ன பேச்சு? இங்கிட்டுப் பாருங்க.
யாரு சொல்லுவா? யாரு சொல்லுவா?
வெரி குட். கையக் கட்டு."

வரிசையாய் அடுக்கிய செருப்புகளுக்கு முன்னால்
பேச்சி நின்றிருந்தாள்.
கைத்துடைக்கும் துண்டைத் தோளில் போட்டு
இல்லாத ஊக்கைத் தேடித்தேடிக் குத்தினாள்.
ஆப்பிள் என்றாள்.
தக்காளி என்று சொன்ன செருப்பைப் பார்த்து
உதட்டை இடப்பக்கம் கோணினாள்.
நான் கோணுவேன் என்று
எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு உள்ளங்கையை நோட்டாக்கி
வரிசையின் கடைசியில்
வார் அறுந்த நீலச் செருப்பை
வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.
விரலால் எழுதினாள்.
"இது பேசாது" என்றாள்.

நீலச் செருப்பு அவளுடையது.
அந்த வார்த்தை என்னுடையது.
திங்கட்கிழமை ஜெயக்கொடி அக்காவிடம் சொன்னேன்,
மெல்லத்தான் சொன்னேன்.

நான் உள்ளே போகவில்லை.
கை காயும்வரை சுவரோரம் நின்றுவிட்டு
பாத்திரத்தைச் சத்தமாக வைத்தேன்.
எட்டிப் பார்த்தபோது
துண்டு ஆணியில் தொங்கியது.
பேச்சி கண்ணை இறுக்க மூடி
தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வழிகாட்டி மேடம் வந்தார்.
பதிவேட்டைப் புரட்டி,
பன்னிரண்டாம் நாளில் விரல் வைத்து,
"இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?" என்றார்.
கதவோரம் கால் நீட்டியிருந்தவள்
மேடத்தைப் பார்க்கவில்லை.
நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள்.
வாயைத் திறந்தேன். வரவில்லை.

அதற்குள் ரயில் வந்தது.
மேடம் மறுபடி என்னவோ கேட்டார்,
நானும் சன்னலுக்குப் போயிருந்தேன்.
அஞ்சு, அஞ்சு, நூறு.