ஆடியில் முகூர்த்தம் இல்லை

ஆடி பிறந்தால் என் கரண்டிகள் தூங்கும்.
அண்டாக்களைக் கவிழ்த்துவைத்து
ஆட்களுக்குப் பாக்கி தீர்த்து
யாரும் தாலி கட்டாத இந்த முப்பது நாளில்தான்
எனக்குப் பசிக்கும்.

ஆயிரம் பேருக்குச் சமைப்பவனுக்கு ஏது பசி?
நெய்ப்புகை தொண்டைவரை ஏறி உட்கார்ந்திருக்கும்.
கடைசிப் பந்தி எழுந்தபின்
மோர் ஒரு டம்ளர், ஊறுகாய் ஒரு விரல்.
இருபத்திரண்டு வருடமாய்
அதுதான் என் கல்யாணச் சாப்பாடு.

செங்கமலத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு
பொள்ளாச்சியிலிருந்து மேற்கே விட்டேன் வண்டியை.
கணவாய்க் காற்று எதிரே வந்து
முதல் பந்திக்கு முந்துகிறவன் மாதிரி
நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது.
கோபாலபுரம் சோதனைச் சாவடியில்
கறிக்கோழி லாரி ஒன்று மேற்கே பார்த்து நின்றது.
உதிர்ந்த இறகுகள் மட்டும்
கிழக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

வரப்புக்கு இந்தப் பக்கத்துத் தென்னையில் இளநீர்.
அந்தப் பக்கத்துத் தென்னையில் கள்.
மரங்களுக்கு இது தெரியுமா
என்று கேட்டாள் செங்கமலம்.
நான் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் நிறுத்தம் பழம்பொரி.
வெந்நீர் செம்பழுப்பாய் வந்தது.
டம்ளரைச் சரியாகக் கழுவவில்லையென்று
கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவள்
அது பதிமுகப்பட்டை என்றதும்
இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.
எண்ணெய் புதிது, பழம்தான் இன்னும் ஒருநாள் கனிந்திருக்கலாம்
என்றேன் நான்.
"ஏனுங்க, லீவுலயும் வேலைதானா?"

கொழிஞ்சாம்பாறை தாண்டி
மழைக்கு ஒதுங்கிய இடம் கள்ளுக்கடை.
சத்தியமாய் மழைக்குத்தான்.
பேமிலி ரூம் என்று பலகை மாட்டிய
தட்டி அறைக்குள் ஒரு பெஞ்சு, ஒரு ஜன்னல்,
ஜன்னல் நிறைய நனைந்த நெல்வயல்.
கப்பை வந்தது, ஆவியோடு.
மண்சட்டியில் மீன்தலைக் குழம்பு வந்தது,
அடுப்பை விட்டிறங்கியும் கொதித்துக்கொண்டு.

சைவப் பந்திக்காரன் நான்.
மண்டபத்துக்காரர்கள் பார்த்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள்.
ஒரு வாய் வைத்தேன்.
குடம்புளி. வெடித்த வெந்தயம்.
பச்சையாய் மேலே ஊற்றிய தேங்காயெண்ணெய்.
சின்ன வெங்காயம், நசுக்கியது, அரைத்ததல்ல.
இன்னும் ஒன்று இருந்தது.
நாக்கின் ஓரத்தில் வந்து நின்றது,
பேர் சொல்ல மறுத்தது.
மூன்றாம் வாயிலும் பிடிபடவில்லை.
"பரீட்சைப் பேப்பரா திருத்தறீங்க?
சாப்பிடுங்க."

எழுந்து சமையல்கட்டுக்கே போய்விட்டேன்.
தலையில் துவர்த்து கட்டிய ஒரு பெண்,
பார்கவியாம்,
செதில் தெறிக்க மீன் உரசிக்கொண்டிருந்தார்.
தொழிலைச் சொன்னேன். சந்தேகத்தைச் சொன்னேன்.
கத்தியை நிறுத்தாமலே சிரித்தார்:
"ஒந்நுமில்லா சேட்டா.
அது இந்நலத்தெ கறியா."

நேற்றைய குழம்பு.

என் சமையலுக்கு நேற்று கிடையாது.
அதிகாலை மூன்று மணிக்குப் பிறந்து
மத்தியானம் மூன்றுக்குள் கழுவி ஊற்றப்படும்.
மிச்சம் நின்றால் கணக்குத் தப்பு,
குறைந்தால் மானம் போச்சு.
என் வத்தக்குழம்பு மறுநாள் எப்படி இருக்கும்
என்று எனக்கே தெரியாது.

திரும்பி வந்தால்
செங்கமலம் இரண்டாம் தட்டுக் கப்பையில் இருந்தாள்.
மீன்தலையில் கன்னத்துச் சதை மட்டும்
தொடாமல் கிடந்தது.
எனக்காக ஒதுக்கியதா, கவனிக்கவில்லையா,
கேட்கவில்லை.
தின்றேன்.
அந்திக் கள்ளில் பாதி டம்ளர் குடித்துவிட்டு
அவள் மூக்குச் சிவந்து தும்மினாள்.

பார்சல் கட்டிக் கொடுத்தார் பார்கவி.
இன்றைக்குத் தொடக்கூடாதாம்.

திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளியது.
பெட்ரோல் முள் அசையவேயில்லை.
சாவடிக்காரர் பையைத் திறந்து முகர்ந்து
ஒன்றும் சொல்லாமல் எச்சில் விழுங்கி அனுப்பினார்.
"நாளைக்கு எந்தப் பக்கமுங்க?"
தூக்கக் கலக்கத்தில் என் தோளில் கேட்டாள்.
எங்கேயும் இல்லை.
நாளைக்கு வீட்டிலேயே ஒரு நேற்று இருக்கிறது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவள் சேலையெல்லாம்
சிவப்பாய்
ஒழுகிக்கொண்டிருந்தது அது.